ஏற்றப்படாத மனைவி

"பஸ் கெளம்ப இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"தண்ணி பாட்டில் இருக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

"நான் தண்ணியக் கேக்கல."

"பிஸ்கட்டும் இருக்கும்மா."

"பிஸ்கட்டையும் கேக்கல." மனைவி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஆறு வருஷமா உங்க தொண்டையில ஒண்ணு நிக்குது. அது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா நானே எடுத்துக் குடுத்தா அது நீங்க கேட்டதாகாது. வாயத் தெறந்து ஒரு தடவ கேளுங்க. நான் இல்லேன்னா சொல்லிடப் போறேன்?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு. இந்தத் தடவ மாத்தல் வந்துடும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான்கு நிமிடம் என்பது எப்போதும் அவ்வளவுதான்.

ஒரு மாதத்துக்கு முன் நடந்த இந்தப் பேச்சைக் குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலக வாசலில் நின்றபடி பம்ப் மெக்கானிக் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். அவர் வேலை பார்ப்பது சமவெளியில் உள்ள ஒரு நீரேற்று நிலையத்தில். மனைவி மலை மேல் இருக்கும் ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். நடுவில் பதினோரு மணி நேர பஸ். நாலரை வயது மகளுக்கு அப்பா என்றால் போன். போன மாதம் அவர் வாசலில் வந்து நின்றபோது, "அம்மா, போன் அப்பா எப்படி வெளிய வந்தாரு?" என்று கேட்டாள். பிறகு போனைத் திருப்பி, அதன் முதுகில் கதவு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஐந்து முறை மாற்றல் கேட்டு ஐந்து முறையும் இல்லை என்று வந்தாயிற்று. இது ஆறாவது. மலை ஊர் நிலையத்தில் ஒரே ஒரு மெக்கானிக் இடம் காலி. இன்று மாலை ஐந்து மணிக்குள் மாற்றல் உத்தரவில் பெயர் ஏறாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். வருபவர் ஓய்வு பெற இன்னும் பல வருடம் ஆகும். அதற்குள் மகள் போனில் பேசுவதையும் நிறுத்தியிருப்பாள்.

தொண்டையில் நிற்பது என்னவென்று அவருக்கும் தெரியும். வேலையை விட்டுவிட்டு அவளிடமே போய் இருந்துவிடுவது. ஆனால் கல்யாணத்தன்று அவளுடைய அண்ணன், "மாப்ள, பொண்ணு சம்பாதிக்கறான்னு கையக் கட்டிட்டு இங்க வந்து உக்காந்துடாதீங்க," என்று தமாஷ் பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் மெக்கானிக் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு உள்ளே போன வாக்கியம் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

அலுவலக வாசலில் பித்தளை எழுத்தில் புதிதாக ஒரு பலகை: "கேட்டால் மட்டும் கொடு."

அந்தப் பலகையின் கதை இது. முன்பெல்லாம் வாரியத்தில் ஒரு ஊழியரின் ரெக்கார்டைக் கம்ப்யூட்டரில் திறந்தால், பின்கட்டில் இருக்கும் சர்வர் அவரைப் பற்றிய அத்தனையையும் அள்ளிக்கொண்டு வரும். படிப்பு, குடும்பம், விடுப்பு, மச்ச அடையாளம், பதினெட்டு வருடத்துக்கு முன் வாங்கிய சைக்கிள் முன்பணம். பெயரின் எழுத்தைச் சரிபார்க்க வேண்டியவர்கூட இத்தனையும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் புதிய முறை வந்தது. திறந்தால் பெயரும் எண்ணும் மட்டும் வரும். மற்றதெல்லாம் மூடிய பெட்டிகளாக நிற்கும். எந்தப் பெட்டியைத் தொடுகிறோமோ அதை மட்டும் சர்வரிடம் போய்க் கேட்டு வாங்கி வரும்.

இதுவரை நியாயம்தான். ஆனால் நியாயமான ஒரு விஷயம் கையில் கிடைத்தால் அதை அப்படியே விட்டுவிடுகிற வழக்கம் வாரியத்துக்கு இல்லை.

இந்த முறைக்குச் 'சோம்பல் ஏற்றல்' என்று பெயர் சொன்னார்கள், கம்ப்யூட்டர்காரர்கள். பெயரை மாற்ற ஒரு குழு போடப்பட்டது. மூன்று மாதம் உட்கார்ந்தது. "நம்ம வாரியத்துல சோம்பல்ங்கற வார்த்தை எழுத்துல வரக்கூடாது. நடைமுறையில இருந்தாப் போதும்," என்று இயக்குநர் வழிகாட்டினார். கடைசியில் 'நிதான ஏற்றல்' என்று முடிவானது. அது கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன், மனிதர்களுக்கும் நல்லதுதானே என்று இயக்குநருக்கு ஒரு நாள் காலையில் தோன்றியது. மதியம் சுற்றறிக்கை வந்துவிட்டது. எந்த ஊழியரும் கேட்கப்படாத தகவலை யாருக்கும் தரக்கூடாது.

வரவேற்பு மேசையில் ஓர் அம்மாள் இருந்தார். முகத்தில் எந்தக் கடுமையும் இல்லை.

"மாற்றல் பிரிவு எங்கம்மா இருக்கு?"

"நாலாவது மாடி."

மெக்கானிக் நாலு மாடி ஏறினார். கதவு பூட்டியிருந்தது. பூட்டின் மேல் சிலந்தி குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. இறங்கி வந்தார்.

"பூட்டியிருக்கேம்மா."

"ஆமா. அது போன வருஷமே முதல் மாடிக்கு மாறிடுச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"எங்கன்னு கேட்டீங்க, சொன்னேன். இப்பவும் அங்கதான் இருக்கான்னு நீங்க கேக்கல."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு." அவர் கனிவாகப் பார்த்தார். மெக்கானிக் லிஃப்ட் வாசலில் ஐந்து நிமிடம் நின்ற பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்று புரிந்தது. படியில் ஏறினார்.

மாற்றல் பிரிவில் உணவு இடைவேளை. கேன்டீனுக்குப் போய் ஒரு டீ கேட்டார். காலிக் கப் வந்தது. கப்பில் டீ கேட்டார், வந்தது. சர்க்கரை கேட்டார். சர்க்கரை வந்தபோது டீ ஆறியிருந்தது. கரண்டி கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை. எதிரே ஒருவர் வெறும் தட்டின் முன் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"எப்ப சார் வந்தீங்க?"

"நான் விவரம் தெரிஞ்சவன். மதியச் சாப்பாட்டுக்கு காலையில ஒன்பதரைக்கே வந்து தட்டு கேட்டுட்டேன்."

மணி இரண்டரை. மாற்றல் பிரிவு திறந்தது. அதிகாரியை எல்லோரும் மாற்றல் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மேசையில் ஒரு வெள்ளிக் கேடயம் பளபளத்தது.

"உக்காருங்க. இந்த இடத்துக்குக் கேட்டவங்க பட்டியல்ல நாப்பத்திரண்டு பேரு இருக்காங்க. முதல்ல பட்டியல் வரட்டும்."

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நாற்பத்திரண்டு பெயர்கள் வந்தன. முதல் பெயரைத் தொட்டார், அவருடைய ரெக்கார்டு வர வேண்டும். வட்டம் சுற்றியது. இரண்டாவது பெயரைத் தொட்டார். மறுபடி சுற்றியது.

"மேடம், நாப்பத்திரண்டு பேருக்கும் சேத்து ஒரே தடவையா கேக்க முடியாதா?"

"முடியும். அதுக்குப் பேரு பேராசை ஏற்றல். சுற்றறிக்கையில தடை பண்ணியிருக்கு. பட்டியலுக்காக சர்வர்கிட்ட ஒரு நடை, ஆளுக்கு ஒரு நடை, மொத்தம் நாப்பத்து மூணு. கணக்கு சுத்தமா இருக்கு பாருங்க."

மெக்கானிக் முப்பத்தெட்டாவது ஆள். வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியது. மணி மூன்று இருபதுக்கு அவருடைய ரெக்கார்டு திறந்தது. பெயர், எண். கீழே மூடிய பெட்டிகள் வரிசையாக. ஒன்றின் மேல் 'குடும்பம்' என்று எழுதியிருந்தது.

"அதைத் தெறந்து பாத்துடுங்க மேடம். கணவன் மனைவி ஒரே ஊர்ல இருக்கணும்ங்கற விதியிலதான் நான் கேட்டிருக்கேன்."

மேடத்தின் முகம் வாடியது. "தெறந்தே ஆகணுமா?"

"ஏன் மேடம்?"

"ஒவ்வொரு பெட்டிக்கும் சர்வருக்கு ஒரு சுமை. மாசத்துல யாரு கம்மியாத் தெறக்கறாங்களோ அவங்களுக்குக் கேடயம். போன மாசம் நான் ஒரு பெட்டியைக்கூடத் தெறக்கல."

"அப்ப போன மாசம் யாருக்காவது மாத்தல் குடுத்தீங்களா?"

"கேடயம் மாத்தலுக்கு இல்லீங்க."

மெக்கானிக் கைகூப்பினார். அவருக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, ஆனால் கை தானாகச் சேர்ந்துகொண்டது. மேடம் பெருமூச்சோடு குடும்பப் பெட்டியைத் தொட்டார். வட்டம் சுற்றத் தொடங்கியது.

அப்போது மேசை போன் அடித்தது. மேடம் எழுந்து நின்று பேசினார். இயக்குநர் அறையிலிருந்து. அந்த அறையில் யாரோ மின்விசிறி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், ஆனால் அது சுற்ற வேண்டுமா என்று குறிப்பிடவில்லை. பேச்சு பன்னிரண்டு நிமிடம் நீண்டது. திரும்பிப் பார்த்தபோது வட்டத்தைக் காணவில்லை. 'உங்கள் நேரம் முடிந்தது, இனி எதையும் கேட்க இயலாது' என்று ஒரு வரி நின்றது.

"அய்யய்யோ, செஞ்ச வேலையெல்லாம் போயிடப் போகுது," என்று சொல்லிக்கொண்டே மேடம் மறுபடி உள்ளே நுழைந்து, பதற்றத்தில் 'சேமி' பொத்தானை அழுத்தினார்.

பிறகு குடும்பப் பெட்டியைத் தொட்டார். இந்த முறை வட்டமே சுற்றவில்லை. பெட்டி உடனே திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"என்ன மேடம் இது?"

மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "உங்களுக்கு மனைவி இல்லைங்க."

"இருக்காங்க மேடம். லேபில வேலை செய்யறாங்க."

"லேபில இருக்கலாம். இங்க இல்ல."

"பொண்ணு? நாலரை வயசு."

"பொண்ணு மனைவி பெட்டிக்குள்ள இருக்கற பெட்டி. அம்மா இல்லாம பொண்ணு மட்டும் எப்படி இருப்பா?" என்று மேடம் தர்க்கமாகவே கேட்டார். அதற்குள் அச்சு இயந்திரம் தானாகவே ஒரு தாளைத் துப்பியது. மனைவி இல்லாத காரணத்தால் கணவன் மனைவி இடமாற்ற விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பின்னாலேயே இன்னொரு தாள். தனி ஆண்கள் விடுதியில் அவருக்கு ஒரு கட்டில் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆறு வருடத்தில் வாரியம் அவர் கேட்காமலே கொடுத்தது அது ஒன்றுதான்.

மெக்கானிக் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பம்ப் ரூமில் மோட்டார் எரிந்து புகை வந்த நாளில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. எரிந்த மோட்டாரைக் கழற்றலாம்.

"யாரைப் பாத்தா சரியாகும் மேடம்?"

"இதைக் கேட்டீங்களே, சந்தோஷம். அடித்தளத்துல ஒட்டகம்னு ஒருத்தர் இருக்காரு. இந்த முறையை எழுதினவர்."

ஒட்டகம் என்று பட்டப்பெயர் வாங்கிய மனிதர் கழுத்து நீண்டு, கூரை தாழ்ந்த அந்த அறையில் குனிந்தே உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"முன்னூத்திப் பதிமூணு," என்றார்.

"என்னது?"

"இதுவரைக்கும் காணாமப் போன மனைவிங்க. புருஷங்க பத்தொம்போது. ஏத்தாத பெட்டியும் வெத்துப் பெட்டியும் திரையில ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ள வந்து சேராத நேரத்துல 'சேமி'ன்னா, வெத்துதான் போலிருக்குன்னு சர்வர் அதையே எழுதிக்கும். பழசு அழிஞ்சிடும்."

மெக்கானிக் அதைத் தனக்குத் தெரிந்த பாஷையில் யோசித்துப் பார்த்தார். குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் வரும் என்பது சரி. ஆனால் குழாயைத் திறக்காத வீட்டில் ஆளே குடியில்லை என்று எழுதிவைப்பதை எந்த நீரேற்று நிலையத்திலும் அவர் பார்த்ததில்லை.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"முதல் வாரமே தெரியும்."

"மேல சொல்லலையா?"

"யாரும் கேக்கல." ஒட்டகம் குரலைத் தாழ்த்தினார். "நல்ல முறைதாங்க இது. பெட்டி வந்து சேர்ற வரைக்கும் சேமிக்காதேன்னு ஒரு வரி போட்டாப் போதும். ஒரு வரி. அந்த வரி வேணும்னு யாராவது எழுதிக் கேக்கணும். இயக்குநரோட படிப்புப் பெட்டியைக்கூட இதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல. அது ஏத்தாத பெட்டியா, வெத்துப் பெட்டியான்னு யாருக்கும் தெரியாது. தொட வேணாம்னுதான் நானும் இருக்கேன்."

"என் சம்சாரத்தத் திரும்பக் கொண்டு வர முடியுமா?"

"பழைய பிரதி இருக்கு. இயக்குநர் கையெழுத்துப் போட்டா ரெண்டு நிமிஷம்."

மணி நாலு இருபத்தைந்து. மெக்கானிக் படியில் ஓடினார். லிஃப்டைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இயக்குநர் நல்ல மனிதர். வந்தவரை உட்காரச் சொல்லி, கதையை முழுவதும் கேட்டார். கேட்டபடியே தலையாட்டினார். மேலே சுற்றாத மின்விசிறி தொங்கியது. மெக்கானிக்கின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தம்பி, நீங்க இதை இழப்பாப் பாக்கறீங்க. நான் இதைச் சிக்கனமாப் பாக்கறேன்," என்று இயக்குநர் தொடங்கினார். "ஒரு மனுஷன் எதுக்கு இன்னொரு மனுஷனோட எல்லாத்தையும் சுமக்கணும்? பேரு தெரிஞ்சாப் போதும். மத்தது தேவைப்பட்டா தொட்டுக்கலாம். நான் இதை வாரியத்துக்கு மட்டும் சொல்லல, வீட்டுலயும் அப்படித்தான். எனக்கும் என் வீட்டம்மாவுக்கும் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அவங்க பேரு ஏறியிருக்கு. மத்ததெல்லாம் வேணுங்கறப்ப தெறந்துக்கலாம்னு விட்டுட்டேன். வேணுங்கற சந்தர்ப்பமே வரல."

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு முப்பத்தேழு.

"போன வருஷம் அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. போனது எனக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஏன் போனீங்கன்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல. எவ்வளவு சுமை மிச்சம், பாருங்க." இயக்குநர் சிரித்தார். சிரித்த முகம் அப்படியே சிறிது நேரம் நின்றது, இறக்கிவைக்க இடமில்லாததுபோல.

"இன்னும் வரலையா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"என்னது?"

"அம்மா. திரும்பி."

இயக்குநர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "அதை என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மெக்கானிக் தன் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஆறு வருடம், ஆறு விண்ணப்பம், மாதம் ஒரு பஸ். ஒவ்வொரு முறையும் பஸ் நிலையத்தில் அவள் கேட்டாள், அவர் தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். இன்னும் இருபத்திரண்டு வருடம் போனால் அவருக்கும் இப்படி ஒரு பெரிய மேசை கிடைக்காது. ஆனால் அந்தச் சிரிப்பு கிடைத்துவிடும்.

மாற்றல் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு நாற்பத்தாறு. மேடம் கையெழுத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஒட்டகமும் பழைய பிரதியோடு மூச்சிரைக்க மேலே வந்திருந்தார்.

"இப்ப ஒரு சரிபார்ப்பு மட்டும் பாக்கி," என்றார் மேடம். "காணாமப் போனவங்களுக்கு நீங்க போன் போடணும். ஸ்பீக்கர்ல. நாங்க கேட்டுட்டிருப்போம். படிவத்துல இருக்கற கேள்வியை நீங்க கேக்கணும், அவங்க பதில் சொல்லணும். ஒரே ஒரு கேள்விதான் அனுமதி. ரெண்டாவது கேட்டா இன்னொரு நடை, அதுக்கு நாளைக்குத்தான் வரணும்."

"கேள்வி என்ன மேடம்?"

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். 'நீங்கள் மேற்படி ஊழியரின் மனைவியா?'

"ஆமான்னு சொல்லிட்டா இடம் எனக்குக் கெடைச்சிடுமா?"

"அப்படிச் சொல்லிட முடியாது. மனைவி உங்க ரெக்கார்டுல ஏறிடுவாங்க. நீங்க முப்பத்தெட்டாவது ஆளு. மேல முப்பத்தேழு பேரோட பெட்டியைத் தெறந்தாத்தான் உங்க முறை வருமான்னு தெரியும்."

"தெறப்பீங்களா?"

மேடம் கேடயத்தைப் பார்த்தார். ஒட்டகம் தரையைப் பார்த்தார்.

மெக்கானிக் போனை மேசை மேல் வைத்து எண்ணை அழுத்தினார். மணி நாலு ஐம்பத்திரண்டு. அங்கே மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"போன் அப்பா," என்றது சின்னக் குரல். பிறகு தள்ளிப் போய், "அம்மா, போன் அப்பா இந்த நேரத்துல வந்துருக்காரு."

பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம். ஈரக் கை போனைப் பற்றும் உரசல். "என்னங்க? உடம்புக்கு ஏதாவதா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

மேடம் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி, கேள்வியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். ஒரே கேள்வி. எட்டு நிமிடம். மெக்கானிக் அந்த வரியைப் பார்த்தார். இதற்கு அவளுடைய பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைக் கேட்க ஒரு நடை எதற்கு?

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

அவர் படிவத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். போனருகே குனிந்தார்.

"இருக்கேம்மா. வேலைய விட்டுட்டு வந்துடறேன். உன்கூடவே என்னையும் வச்சுக்கறியா?"